“ஆள் இருக்காங்களா?”

கவிதை நன்றாக இருக்கிறது என்று பிரஸ் மிஸ் வாயால் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நன்றாக இல்லை என்றும் சொன்னதில்லை. என் முப்பத்தெட்டுக் கவிதைகளையும் முதன்முதலாகக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று, அத்தனையையும் ஒரே இருப்பில் படித்து முடித்தார். பிறகு மேசைக்காலில் நூல் போட்டுக் கட்டியிருந்த பென்சிலை இழுத்து எடுத்தார். முதல் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

“டீச்சர், இந்த ஆள் இருக்காங்களா?”

எனக்கு விளங்கவில்லை. “எங்க?”

“உயிரோட இருக்காங்களான்னு கேக்குறேன்.”

“இருக்காங்க. எங்க தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுல புள்ளைகளைப் பாத்துக்கிறவங்க.”

“அப்ப அவங்களுக்கு வாசிச்சுக் காட்டிட்டு வாங்க.”

அடுத்த பக்கம் திரும்பியது. அதில் ஒரு மாடு.

“இது?”

“மாடு செத்துப் போச்சுங்க மிஸ்.”

“மாட்டுக்காரர்?”

“அவர் இருக்காரு.”

“அப்ப அவருக்கும்.”

இப்படியே முப்பத்தெட்டுக்கும் போனது. மரம், மழை, அட்டை, மின்கம்பம் எல்லாம் தப்பித்தன. பத்தொன்பது கவிதைகளில் உயிரோடிருக்கும் மனுஷர்கள் மாட்டிக்கொண்டார்கள். அந்தப் பத்தொன்பதின் தலையிலும் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டு, பக்கங்களை இரண்டு சிலி சிலி பிளாஸ்டிக் பேக்குக்குள் சுற்றி, மழை நனைக்காதபடி முடிச்சுப் போட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். “என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு வாங்க. சொல்றத அப்புடியே வந்து சொல்லணும், ஒன்னும் கூட்டக் கூடாது” என்றார். நான் பெல்மதுளையிலிருந்து வீட்டுக்கு வந்த பஸ் முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் பிரஸ் மிஸ்தான். அச்சகம் அவருடைய அண்ணனுடையது. கல்யாண அட்டை, கோயில் திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல் எல்லாம் அங்கேதான் அடிப்பார்கள். முன்பக்கத்தில் போட்டோகொப்பி மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர். பதிப்பகம் என்பது அவ்வளவுதான். எனக்கு முன்னால் நான்கு புத்தகங்கள் போட்டிருந்தார், நான்கும் கவிதை, நான்கும் தோட்டத்து ஆட்கள் எழுதியவை. இரத்தினபுரிப் பக்கத்தில் எங்களைப் போலத் தமிழில் எழுதுகிறவர்களுக்கு அந்த மேசையை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. அவர் என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் அவருக்கு முன்னால் உட்கார்ந்தால் எனக்குப் பரீட்சை மண்டபத்தில் இருப்பது போலத்தான் இருக்கும். நானே வருஷம் முழுக்கப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைக்கிறவள்.

பிள்ளைக் காம்பரா அக்காவிடம்தான் முதலில் போனேன். மாரியம்மன் கோயில் மணி போல அவர் சிரிப்பார் என்று உருகி உருகி எழுதியிருந்தேன். தொட்டிலை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

“எல்லாம் சரி புள்ள. பொக்கவாய்னு எழுதியிருக்கியே, எனக்கு ரெண்டு பல்லுதான போச்சு?”

அதைப் போய்ச் சொன்னேன். பிரஸ் மிஸ் சிரிக்கவில்லை. ‘ரெண்டு பல்லுதான போச்சு’ என்று கவிதைக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதினார். “மாத்திடுங்க” என்றார்.

ஆட்கள் சொல்வதெல்லாம் இந்த ரகம்தான். கவிதையைப் பற்றி யாரும் பேசவில்லை. மாடு செவலை இல்லை, மயிலை என்றார் மாட்டுக்காரர். நான் நாட்கணக்கில் கண்விழித்து இழைத்த வரிகளை விட்டுவிட்டு எல்லோரும் பல்லையும் மாட்டு நிறத்தையும் பிடித்துக்கொண்டதில் எனக்குச் சரியான கடுப்பு.

எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே ஒருத்தி இருந்தாள். புருஷன் அடித்த அடியை மூடுபனியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிக்கொண்டு வேலைக்கு வருகிறவள். அவளைப் பற்றி எழுதியதை வாசித்துக் காட்டியபோது, பாதியிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள். “வேணாங்க டீச்சர். இப்ப ரெண்டு மாசமாத்தான் குடிக்காம இருக்காரு.” அந்தக் கவிதை போயிற்று. பிரஸ் மிஸ் அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. அவள் சொன்னதை ஓரத்தில் எழுதி, மேசைக்குக் கீழே இருந்த ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடினார். அதில் ஏற்கெனவே வேறு ஆட்களின் பக்கங்கள் கிடந்தன.

அன்றைக்குத்தான் நான் சண்டை போட்டேன்.

“இப்புடி ஒவ்வொருத்தரா கேட்டுக்கிட்டு இருந்தா எவன் மிஸ் கவிதை எழுதுவான்?”

“எழுதுறதுக்கு யாரையும் கேக்க வேணாம் டீச்சர். அச்சடிக்கத்தான் கேக்கணும்.”

“அப்ப எங்க தோட்டத்துப் பழைய கணக்கப்பிள்ள? நிறுவையில கிலோ வெட்டுன மனுஷன். அவர்கிட்டயும் போயி ஐயா போடட்டுங்களான்னு நிக்கணுமா?”

“அவர்கிட்ட அனுமதி கேக்கச் சொல்லல. மொகத்துக்கு நேரா வாசிச்சிட்டு வாங்க. அது போதும்.”

முகத்துக்கு நேராக வாசிப்பது எவ்வளவு பெரிய வேலை என்று கணக்கப்பிள்ளை வீட்டு வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது. எங்கள் அம்மா பறித்த கொழுந்தின் நிறையில் தினமும் கிலோ வெட்டிக் குறைத்து எழுதியவர். இப்போது காது மந்தம். நான் கத்திக் கத்தி வாசித்தேன், பக்கத்து வீட்டு ஆட்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். கடைசி வரை கேட்டுவிட்டுப் பிளேன்டீ கொண்டுவரச் சொன்னார். “தொரை மூணு கிலோ வெட்டச் சொன்னாரு. நான் ரெண்டுதான் வெட்டுனேன். அதையும் எழுதிக்க” என்றார். பிளேன்டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். ஆனால் அதையும் எழுதித்தான் சேர்த்தேன்.

இந்த மனுஷிக்கு ஏன் இப்படி ஒரு பிடிவாதம் என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. கரண்ட் போயிருந்த ஒரு மத்தியானம், மெஷின்களெல்லாம் நின்று அச்சகம் அமைதியாக இருந்தபோது, அவராகவே சொன்னார்.

“நான் போட்ட மொதப் புத்தகத்துல ஒரு கவிதை. பங்களாவுல சமைக்கிற ஒரு அக்காவைப் பத்தி. மிஞ்சுற சோத்த முந்தானையில முடிஞ்சு புள்ளைகளுக்குக் கொண்டுவர்றதப் பத்தி. நல்ல கவிதை டீச்சர். வெளியீட்டுல அதைத்தான் வாசிச்சாங்க. அந்த அக்காவும் வந்திருந்தாங்க. நான்தான் கூட்டிட்டுப் போயி மொத வரிசையில உக்கார வச்சேன். எல்லாரும் கை தட்டுனாங்க. அவங்களும் தட்டுனாங்க.”

கொஞ்ச நேரம் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார்.

“அடுத்த கெழமையிலருந்து அவங்க புள்ளைகளுக்கு ஸ்கூல்ல ‘பங்களாச் சோறு’ன்னு பேரு. சின்னவன் ஸ்கூலுக்கே போகலன்னுட்டான். ஒரு மாசத்துல வீட்டக் காலி பண்ணிட்டு எஹலியகொடப் பக்கம் வேற தோட்டத்துக்குப் போயிட்டாங்க. நான் வீடு வீடாப் போயி, குடுத்த புத்தகத்தையெல்லாம் திருப்பி வாங்குனேன். இன்னும் பதினொரு புத்தகம் வெளியில இருக்கு.”

“அது ஒங்க தப்பு இல்லையே மிஸ். பொய்யா எழுதல, கெடுதலா எழுதல.”

“அவங்க கை தட்டுனாங்களே, அதத்தான் எனக்கு மறக்க ஏலாம இருக்கு.”

அதற்குப் பிறகு அவர் போட்ட எந்தப் புத்தகத்தின் வெளியீட்டிலும் அவர் உட்கார்ந்ததே கிடையாது. மேடைக்குக் கூப்பிட்டால் போக மாட்டார். மண்டபத்து வாசல் நிலையைப் பிடித்தபடி நின்று, வாசிக்கிறவரைப் பார்க்காமல், கேட்கிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருப்பார். குழந்தைக்குக் காய்ச்சல் ஏறுகிறதா என்று பார்க்கும் தாயின் பார்வை அது.

சந்திக் கடை முதலாளிக்கு நான் சிங்களத்தில் சொல்லிக் காட்ட வேண்டியிருந்தது. எங்கள் தோட்டத்துப் பாதை பெரிய ரோட்டில் சேரும் இடத்தில் அவருடைய தேநீர்க் கடை. அவர் நாட்டுப்பக்கத்து ஆள். தோட்டத்தைச் சுற்றியுள்ள சிங்களக் கிராமத்தை நாங்கள் நாடு என்றுதான் சொல்வோம். கண்ணாடி அலுமாரிக்குள் மீன் அடைத்த மாலுபான் பன்கள், அதன் மேல் தூங்கும் பூனை, சுவரில் ஒரு ஆணி, ஆணியில் தொங்கும் பழைய தோல் பை, அதற்குள் கைவிட்டு அவர் சில்லறை எடுக்கும் விதம், இவைதான் கவிதை. சொல்லி முடித்ததும் கடையில் இருந்த நாலு பேரையும் கூப்பிட்டு, மறுபடியும் சொல்லச் சொன்னார். “பையையும் எழுதியிருக்கியா மகளே?” என்று எழுந்துபோய் அந்தப் பையைத் தட்டிக் கொடுத்தார். ஒரு தோல் பையில் அப்படி என்ன இருக்கிறது என்று நான் நினைத்தேன். இரண்டு மாலுபான் சுற்றிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

இப்படிப் பதினெட்டுப் பேர் முடிந்தார்கள். பத்தொன்பதாவது என் அப்பா.

அந்தக் கவிதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஆறு வயது, காய்ச்சல். இனப் பிரச்சினைக் காலம். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போகிறார். முன் சீட்டில் சில ஆட்கள் தமிழர்களைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டு வருகிறார்கள். கண்டக்டர் எங்களிடம் வந்து, “நம மொகத?” என்று அப்பாவின் பெயரைக் கேட்கிறார். அப்பாவுக்கு முருகனின் பெயர்களில் ஒன்று. அவர் என் வாயைத் தோளோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, “சுனில்” என்று ஒரு சிங்களப் பெயரைச் சொல்கிறார். அவ்வளவுதான் சம்பவம். நான் அதில் கண்டக்டரின் கண்ணையும், அப்பாவின் சட்டையில் வியர்வை வாடையையும், ஜன்னலில் அடிக்கும் மழையையும் போட்டு எழுதியிருந்தேன். ஹட்டனில் ஒரு கூட்டத்தில் வாசித்தபோது மண்டபமே அசையாமல் இருந்தது. ஒருவர் வந்து, புத்தகம் வந்ததும் சிங்களத்தில் மொழிபெயர்க்கிறேன் என்றார். புத்தகத்துக்கே ‘அப்பாவின் இன்னொரு பெயர்’ என்றுதான் தலைப்பு. அட்டையில் பஸ் ஜன்னல் படம்கூடத் தயாராகிவிட்டது.

நானும் அப்பாவும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அம்மா போன பிறகு இரண்டு பேர்தான். காலையும் மாலையும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அவருக்கு இதை வாசித்துக் காட்ட எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் பயந்தீர்கள், அதை நான் பார்த்தேன் என்று பெற்ற தகப்பனிடம் எப்படிச் சொல்வது? ஒவ்வொரு நாளும் பக்கத்தை எடுப்பேன், ரொட்டி சுடப் போய்விடுவேன். மூன்று வாரம் இப்படியே ஓடியது. வெளியீட்டுக்கு மண்டபம் சொல்லியாயிற்று. வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால் தலைப்பும் அட்டையும் சேர்ந்து போய்விடும். அந்த ஒரு கவிதைக்காகத்தான் மற்றவை எல்லாமும் என்று எனக்குள் ஒரு எண்ணம் இருந்தது.

கடைசியில் பிரஸ் மிஸ்ஸிடம் போய்ப் பொய் சொன்னேன்.

“வாசிச்சிட்டேன் மிஸ். போடலாம்னுட்டாரு.”

“என்ன சொன்னாரு?”

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்து, பஸ்ஸிலேயே தயார் பண்ணியிருந்தேன். “‘என் பயத்துக்கு நீ ஒரு வீடு கட்டிக் குடுத்திட்ட மகளே’ன்னு சொன்னாரு.”

பென்சில் பக்கத்தில் பட்டு, எழுதாமல் நின்றது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“ஒங்கப்பா சொன்னாருங்களா?”

“ஆமா.”

“ஒங்கப்பா நாட்டுல தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டப் போறவருதான?”

“ஆமா மிஸ்.”

“இது ஒங்க வரி டீச்சர். ஆளுங்க இப்புடிப் பேச மாட்டாங்க.”

கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “அழைப்பிதழ் வியாழக்கெழமைதான் அடிக்கணும். அதுக்குள்ள பௌர்ணமி போயா வருது, ஒங்களுக்கும் லீவு, அவருக்கும் லீவு” என்றார். குடையை எடுக்க மறந்து மழையில் நனைந்துகொண்டே பஸ் ஏறினேன்.

போயா அன்று காலையில் அப்பா வாசலில் உட்கார்ந்து கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். தோட்டத்தில் ரிட்டயராகி, ஈ.பி.எஃப். வாங்கிய பிறகும் நாட்டுக்காரர்களின் தேயிலைக் காணிகளுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“அப்பா, ஒங்களப் பத்தி ஒன்னு எழுதியிருக்கேன். வாசிக்கட்டுங்களா?”

“வாசி.”

வாசித்தேன். ‘சுனில்’ வரும் இடத்தில் கத்தி நின்றது, பிறகு மறுபடியும் கல்லில் ஓடியது. முடிந்த பிறகு கல்லில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார்.

“முடிஞ்சிருச்சா?”

“முடிஞ்சிருச்சுப்பா.”

“அன்னைக்கு மழை இல்ல. நல்ல வெய்யிலு.”

நான் பக்கத்தை மடித்தேன்.

“அந்தக் கண்டக்டரு யாருன்னு ஒனக்குத் தெரியாதா?”

“தெரியாதுப்பா.”

“சந்திக் கடை முதலாளிதான். பஸ் வேலைய விட்டுட்டுத்தான கடையப் போட்டான். ஆணியில தொங்குதே ஒரு பை, அதான் அந்தப் பை.”

அப்பா கத்தியின் வாயைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தபடி, எதையோ விலை சொல்வது போலச் சொல்லிக்கொண்டு போனார்.

“அடுத்த வாரமும் அதே பஸ்ஸு. ‘என்ன சுனில், புள்ளைக்குக் காச்சல் எப்புடி’ன்னு கேட்டான். என் பேரு அது இல்லன்னு அப்ப சொல்ல ஏலுமா? அவன் கூப்புட்டுக் கூப்புட்டு நாட்டுல பூராவும் சுனில்தான். வேலைக்குக் கூப்புடறதும் சுனில்தான், கல்யாணத்துக்குச் சொல்றதும் சுனில்தான். நான் தமிழ் ஆளுன்னு அவனுகளுக்குத் தெரியும். பிரியத்துல கூப்புடறானுங்க. நான் பயந்து வச்சுக்கிட்ட பேருன்னு எவனுக்கும் தெரியாது.”

“தமிழ்லதானப்பா வருது…”

“சிங்களத்துலயும் வரப்போகுதுன்னு நீதான சொன்ன. நாளைக்கு அவன் சுனில்னு கூப்புட யோசிப்பான். நான் திரும்பிப் பாக்க யோசிப்பேன். முப்பது வருஷம் ஆச்சு. நான் இருக்குற வரைக்கும் வேணாம் புள்ள.”

அப்பா பேசியதிலேயே அதுதான் நீளமான பேச்சு. பயந்தவர் என்று ஒரு மனுஷனை எழுதி வைத்திருந்தேன். அந்தப் பயத்தை வைத்தே ஊரில் அவர் ஒரு இடம் பிடித்துவிட்டார் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. வீட்டுக்குள் போய் அழுதேன். அவருக்காக அழுதேனா, கவிதை போய்விட்டதே என்று அழுதேனா என்று கேட்டால், இரண்டுக்கும்தான்.

மறுநாள் பிரஸ் மிஸ்ஸிடம் போய், “அன்னைக்கு மழை இல்ல, நல்ல வெய்யிலுன்னு சொன்னாரு” என்று ஆரம்பித்தேன். உடனே பென்சிலை எடுத்துவிட்டார். அப்பா சொன்ன எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் எழுதினார். பக்கத்தின் தலையில் ‘அவர் இருக்குற வரைக்கும்’ என்று போட்டுப் பிஸ்கட் டின்னுக்குள் வைத்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “அட்டையை மாத்தணும். தலைப்பு என்ன வைக்கலாம்?” என்றார். அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

புத்தகம் ‘ஆணியில் தொங்கும் பை’ என்ற பெயரில் வந்தது.

தலைப்பே தன் கடைதான் என்று கேள்விப்பட்டதும் முதலாளியைப் பிடிக்க முடியவில்லை. வெளியீட்டுக்கு வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சாரம் கட்டி, ஒரு பெட்டி நிறைய மாலுபானோடு கோயில் மண்டபத்துக்கு வந்துவிட்டார். அங்கே வந்திருந்த சிங்கள ஆள் அவர் ஒருவர்தான். வாசலில் நின்றபடியே மண்டபத்தைப் பார்த்தார். முதல் வரிசையில் அப்பா.

“சுனில்!”

அந்தக் குரலுக்கு மண்டபமே திரும்பியது. மேடையில் நான் கையிலிருந்த புத்தகத்தை மூடினேன். அந்தக் கவிதை மட்டும் புத்தகத்தில் இருந்திருந்தால், அந்த நேரத்தில் அதைத்தான் நான் வாசித்துக்கொண்டிருப்பேன். அப்பா திரும்பினார். முகம் முழுக்கச் சிரிப்பு. எழுந்து கையை ஆட்டி, பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார். முதலாளி வந்து அப்பாவின் தோளில் கைபோட்டு உட்கார்ந்தார். எங்கள் ஆட்கள் சிலர், யார் இந்த சுனில் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா ஒரு தடவை என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

நான் வாசலைப் பார்த்தேன். பிரஸ் மிஸ் நிலையைப் பிடித்தபடி அந்த இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, செருப்புகள் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு வெளியீட்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

இது நடந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவருடைய அண்ணன் அச்சகத்தை விற்றுவிட்டுக் கொழும்புப் பக்கம் போய்விட்டார். அவரும் போய்விட்டார். கல்யாணம் கட்டி வெளிநாடு போனதாக ஒருவர் சொன்னார், குருவிட்டவில் பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். அவருடைய பழைய நம்பர் வேலை செய்வதில்லை. போவதற்கு முன் பிஸ்கட் டின்னில் இருந்த பக்கங்களையெல்லாம் அவரவருக்கு அனுப்பியிருக்கிறார். என்னுடையதும் தபாலில் வந்தது, இரண்டு சிலி சிலி பேக் சுற்றி. நான் பிரிக்காமலே அலுமாரியில் வைத்தேன். அப்பா வீட்டில் இருக்கும்போது அதைப் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை.

அப்பா போன வருஷம் காலமானார். மூன்று மாதம் கழித்து, அந்தக் கவிதையை இப்போதாவது தருவாயா என்று ஹட்டனிலிருந்து ஒருவர் கேட்டார். அப்பா சொன்ன தவணை முடிந்துவிட்டது. இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டுதான் முடிச்சை அவிழ்த்தேன். மேலே ‘அவர் இருக்குற வரைக்கும்’. ஓரத்தில் வெய்யில், பஸ், சுனில், எல்லாம் அப்பா சொன்னபடியே. அடியில், நான் அதுவரை பார்த்திராத ஒரு வரி, அதே பென்சிலில்.

‘கண்டக்டர் இருக்காங்களா?’

இருக்கிறார். கடையை மகன் பார்க்கிறான். முதலாளி உள்ளே சாய்வு நாற்காலியில் இருக்கிறார். பை அதே ஆணியில் இருக்கிறது. இரண்டு தடவை கடை வரை போய், டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். மூன்றாவது தடவை பக்கத்தை எடுத்தேன். என்ன என்று கேட்டார். அப்பாவைப் பற்றி ஒன்று, உங்களைப் பற்றியும்தான் என்றேன். கை நீட்டி ரேடியோவை நிறுத்தினார்.

சிங்களத்தில் சொல்லிக் காட்டினேன். அவர் மறுபடியும் சொல்லச் சொன்னார். அன்றைக்குக் கடைக்கு வந்த யாரையும் அவர் கூப்பிடவில்லை.

“எனக்கு அந்த நாள் ஞாபகமே இல்லையே மகளே” என்றார். “எத்தனை பேரிடம் பேர் கேட்டிருப்பேன்.” பிறகு, “என்னிடமா பயந்தான்?” என்றார்.

“ஆமா.”

“எவ்வளவு நாள்?”

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றுதான் சொன்னேன். பள்ளிக்கூடம் விட்டுப் பஸ்ஸில் வரும்போது நல்லதாக ஒரு பதில் மனதில் வந்திருந்தது, அதைச் சொல்லவில்லை.

“நான் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பானே. அது பயத்திலா?”

“இல்ல முதலாளி. அன்னைக்கு மண்டபத்துல நீங்க கூப்பிட்டப்ப நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷமாத்தான் திரும்பினார்.”

அவர் ஆணியில் தொங்கிய பையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்படியானால் போடு” என்றார். பிறகு, “மண்டபத்தில் கூப்பிட்டதையும் சேர்த்துப் போடு” என்றார். என்னிடம் பேனாதான் இருந்தது. மகனிடம் ஒரு பென்சில் வாங்கி, அவர் சொன்னதை அப்படியே ஓரத்தில் எழுதிக்கொண்டேன். ஆகவே கவிதையை அனுப்பிவிட்டேன், மழையை எடுத்துவிட்டு, வெய்யிலோடு.

இப்போது இதை எழுதியிருக்கிறேன். இதில் வருகிற எல்லோருக்கும் வாசித்துக் காட்டிவிட்டேன், எஹலியகொடப் பக்கம் தேடிக் கண்டுபிடித்த பங்களா அக்கா, பிள்ளைக் காம்பரா அக்கா உட்பட. அவருக்கு இப்போது நிஜமாகவே பொக்கைவாய், அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். எங்கள் லயத்தில் இருந்தவள், புருஷனை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு போய் ஐந்து வருஷம் ஆகிறது. போன் போட்டுக் கேட்டபோது, “இப்பப் போடுங்க டீச்சர்” என்றாள். இன்னும் ஒருவருக்குத்தான் வாசிக்க வேண்டும். அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை, இருக்கிறார் என்று மட்டும் நம்புகிறேன். அதனால்தான் இதில் அவர் பெயரைப் போடவில்லை.